வீரியமும் சாட்சியமும்

2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நாற்பதிலிருந்து எழுபது வயதுக்குட்பட்ட, உடல் பருத்த, லேசான சோர்வு உண்டென்று சொல்லிக்கொண்ட ஆண்கள். எட்டு வாரம் அமுக்கராச் சாரம், எட்டு வாரம் மருந்தில்லாத வெற்று மாத்திரை. எது எப்போது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. ஐம்பது பேர் கடைசிவரை நின்றார்கள். அமுக்கரா தின்ற காலத்தில், உமிழ்நீரில் அளக்கப்பட்ட டெஸ்டாஸ்டிரோன், வெற்று மாத்திரைக் காலத்தைவிட 14.7 சதவீதம் கூடியிருந்தது. விளம்பரக்காரர்களுக்கு இது போதும். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு முடிவும் இருக்கிறது. சோர்வு, உற்சாகம், காமவாழ்வின் திருப்தி என்று அந்த மனிதர்களையே கேட்டபோது, மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. நாளடைவில் எல்லோருமே கொஞ்சம் தேறியிருந்தார்கள், வெற்று மாத்திரையைத் தின்றபோதும்.

எண் ஏறியது, எண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு அது தெரியவில்லை. அப்படியானால் ஏறியது யாருக்கு? இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. மூலிகை பலிக்குமா பலிக்காதா என்ற விவாதத்தில் எனக்கு அத்தனை சுவாரஸ்யம் இல்லை. அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். நெருஞ்சில்தான் இந்த வியாபாரத்தில் மிகப் பழைய சரக்கு. பல்கேரியாவிலிருந்து கிளம்பி, உடற்பயிற்சிக் கூடங்கள் வழியாக உலகம் சுற்றியது. 2005இல் பல்கேரிய ஆய்வாளர்களே இளைஞர்களுக்கு அதை நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், ஹார்மோன் அசையவில்லை. 2007இல் ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரர்களிடமும் அதே கதை. பூனைக்காலி விதைக்கு லக்னோவில் நடந்த ஒரு ஆய்வு சாதகமாகச் சொன்னது (2009). மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சை தேடி வந்த 75 ஆண்களுக்குத் தினம் ஐந்து கிராம் விதைத்தூள், மூன்று மாதம், டெஸ்டாஸ்டிரோன் உயர்ந்தது. ஆனால் அங்கே வெற்று மாத்திரை தின்ற அணி என்று ஒன்று இல்லை. ஆகவே உயர்த்தியது விதையா, நம்பிக்கையா, மூன்று மாதம் ஒருவர் தன்னைக் கவனித்ததா என்று பிரிக்க வழியில்லை. 'சுத்த மூலிகை' என்று விற்கப்பட்டு, தின்ற ராத்திரியே பலிக்கிற சரக்குகளும் உண்டு. அவற்றின் ரகசியத்தை அமெரிக்க அரசின் சோதனைகள் அவிழ்த்திருக்கின்றன. 2007க்கும் 2016க்கும் இடையே கலப்படம் என்று அங்கே பிடிபட்ட 776 சத்துச்சரக்குகளில் 353 காமவீரியத்துக்கு என்று விற்கப்பட்டவை. அவற்றில் அதிகம் அகப்பட்டது சில்டெனாஃபில், அதாவது வயாகராவின் மருந்து. பலன் நிஜம், மூலிகைதான் பொய். இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை தின்கிறவனுக்கு இந்தப் பலன் உயிரையே வாங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி விஷயத்துக்கு வரலாம்.

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெற்று மாத்திரை தின்றவனும் தேறினான் என்கிறீர்களே, தேறினானா இல்லையா? தேறினான் என்றால் உமக்கு என்ன கஷ்டம்?" மேலோட்டமாகத் தெரிந்தாலும் இது லேசான கேள்வி இல்லை. ஆண்மை என்பதே பாதிக்குமேல் நம்பிக்கை சம்பந்தப்பட்டது. பயந்தவனுக்கு உடம்பு ஒத்துழைக்காது. பயம் நீங்கினால் ஒத்துழைக்கும். லேகியம் பயத்தை நீக்குகிறது என்றால், லேகியத்தின் ரசாயனம் என்னவாக இருந்தால் என்ன? ஒரு பொய்யினால் ஒருவன் தன் மனைவியோடு நிம்மதியாக இருக்கிறான் என்றால், உண்மையைச் சொல்லி அந்த நிம்மதியைக் குலைக்க நமக்கு என்ன அதிகாரம்? தத்துவக்காரர்களின் வறட்டுப் பிடிவாதம் இது என்று நண்பர் சொல்லும்போது நான் உடனே மறுக்கவில்லை.

நண்பருக்குச் சாதகமான சரித்திரமும் இருக்கிறது. 1889 ஜூனில், பிரௌன்-சேக்கார் என்ற பிரசித்திபெற்ற உடலியல் பேராசிரியர், அப்போது வயது எழுபத்திரண்டு, பாரிஸ் உயிரியல் சங்கத்தின் முன் எழுந்து நின்று, நாயின் விதைகளையும் கினிப்பன்றியின் விதைகளையும் இடித்து நீரில் வடித்துத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார். மாடிப்படி ஏற முடிகிறது, மணிக்கணக்கில் ஆய்வகத்தில் நிற்க முடிகிறது என்றார். மனுஷர் விஞ்ஞானி அல்லவா, அளந்தும் பார்த்தார். முன்கையின் பலத்தைக் கருவி வைத்து அளந்தார். சிறுநீர் எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதையும், ஊசிக்கு முன்பும் பின்பும், அளந்தார். (சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் இன்று லாபரட்டரியில் கொடுக்கும் சீட்டை மடித்துப் பையில் வைத்திருக்கிறவனுக்குச் சிரிக்க உரிமை இல்லை.) டெஸ்டாஸ்டிரோன் நீரில் அநேகமாகக் கரையாதது. 2002இல் ஆஸ்திரேலியாவில் சிலர் அவர் சொன்ன முறைப்படியே சாரம் வடித்துப் பார்த்தார்கள். உடம்பில் எந்த வேலையும் செய்யப் போதாத அளவு ஹார்மோன்தான் அதில் இருந்தது. கிழவர் இளமையடைந்தது தன் நம்பிக்கையினால். அந்த நம்பிக்கைதான் பின்னால் ஒரு விஞ்ஞானத்துக்கு உந்துதலாகவும் அமைந்தது. 1935இல் காளையின் விதைகளிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் டெஸ்டாஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. பொய்யிலிருந்து உண்மை பிறப்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நண்பர் கேட்பார்.

ஆனால் அந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவே நடந்த வேறொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வியன்னாவில் ஷ்டைனாக் என்ற உடலியல் அறிஞர், விந்துக்குழாயைக் கட்டி வெட்டிவிட்டால் விந்தணு உண்டாக்கும் திசுக்கள் சுருங்கும், ஹார்மோன் சுரக்கும் செல்கள் பெருகும், மனிதன் புத்திளமை பெறுவான் என்று முடிவு கட்டினார். எலிகளில் செய்து, பிறகு 1918 முதல் மனிதர்களுக்கும் செய்யப்பட்டது. இருபதுகளில் ஐரோப்பாவின் படித்த ஆண்கள் இதற்கு வரிசையில் நின்றார்கள். ஃபிராய்ட் 1923இல் செய்துகொண்டார், தாடைப் புற்றுநோய் கட்டுப்படுமென்ற நம்பிக்கையில். கவி யேட்ஸ் 1934 ஏப்ரலில், அறுபத்தெட்டாவது வயதில், லண்டனில் செய்துகொண்டார். தன் படைப்புச் சக்தியும் காமமும் அதனால் மீண்டன என்று சாகும்வரை நம்பினார். 1939 ஜனவரியில் அவர் இறக்கும்வரை வந்த கவிதைகளைப் படித்தவர்கள், சக்தி மீளவில்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

ஷ்டைனாக் செய்தது என்ன? பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் செய்யப்பட்டாலும், அது நமக்கு நன்றாகத் தெரிந்த சிகிச்சைதான். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆண்களுக்குச் செய்யும் அதே வாசக்டமி. வியன்னாவில் ஆண்மையைத் திருப்பித் தந்த கத்திவெட்டு, நம் ஊரில் ஆண்மையைப் பறிப்பதாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே வருஷத்தில், இந்தியாவில் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு அது செய்யப்பட்டது. பலவந்தமாகவும், கோட்டா நிரப்பவும், ரேஷனையும் சம்பளத்தையும் காட்டி மிரட்டியும். அந்த அக்கிரமத்தை மறக்க வேண்டியதில்லை. ஆனால் பலவந்தம் ஓய்ந்த பிறகும் நிலைத்து நின்ற பயம் பலவந்தத்தைப் பற்றியதல்ல. 'நரம்பு தளர்ந்துவிடும், வேலை செய்ய முடியாது, ஆம்பிளையாக இருக்க முடியாது' என்ற பயம். வாஸ்தவத்தில் அந்த வெட்டு இரண்டில் எதையும் செய்வதில்லை. விந்தணு குழாய் வழியாக வெளியே போகிறது. டெஸ்டாஸ்டிரோன் விதையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. குழாயை வெட்டினால் ரத்தத்துக்குத் தெரியாது. கத்தி ஒன்று, உடம்பு ஒன்று. யேட்ஸ் எழுந்து கவிதை எழுதினார். நம் ஊர் நெசவாளி தறியில் உட்கார முடியவில்லை என்றான். இருவரும் பொய் சொல்லவில்லை.

இருவரும் பொய் சொல்லவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். அனுபவம் அனுபவம்தான். நண்பரின் வாதத்துக்கு இதுவரை நான் உடன்படுகிறேன். அதற்கு மேல் அவர் பார்க்க மறுப்பது ஒன்றுண்டு. நிவாரணம், நிவாரணமாக மட்டும் வந்து போவதில்லை; தனக்கான நோயையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இன்ன குறை தீரும் என்று சொல்லி ஒரு மருந்தைக் கொடுத்து, நானும் தேறிவிட்டேன் என்றால், அந்தக் குறை எனக்கு இருந்தது நிரூபணமாகிவிடுகிறது. யேட்ஸுக்கு 1932இல் லேடி கிரிகரி இறந்துபோனார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட சிநேகம். அதன் பிறகு கவிதை வரவில்லை, இனி வராதோ என்று கலங்கினார். அது துக்கம். கூடவே முதுமை. ஷ்டைனாக்கின் சிகிச்சை அந்தத் துக்கத்தைச் சுரப்பியின் குறைபாடாக மொழிபெயர்த்துக் கொடுத்தது, பிறகு அந்தக் குறைபாட்டைத் தீர்த்தும் வைத்தது. கவிதைக்கு அது நல்லதாகவே முடிந்தது. மகாகவி என்பதால் தப்பித்தார் என்று தோன்றுகிறது. அவர் எதை வைத்தும் கவிதை செய்வார். மற்றவர்களுக்கு இந்த மொழிபெயர்ப்பு அத்தனை சல்லிசாக முடிவதில்லை.

நம் ஊரில் இந்த மொழிபெயர்ப்புக்கு நெடிய பரம்பரை இருக்கிறது. ஏழு உடற்கட்டுகளில் சுக்கிலம் கடைசி. சாரம் செந்நீராகி, ஊனாகி, கொழுப்பாகி, என்பாகி, மூளையாகி, கடைசியில் அதுவாகத் திரளுகிறது என்பது சித்த மருத்துவத்தின் கணக்கு. இத்தனை தூரம் கடந்து வந்ததை வீணாக்கலாமா என்பது அதிலிருந்து பிறந்த ஒழுக்கம். இத்தனை துளி ரத்தம் ஒரு துளி விந்து என்பது அதிலிருந்து பிறந்த பயம். 1960இல் மனநல மருத்துவர் விக் இதற்கு 'தாது நோய்' என்று பொருள்படும் பெயரிட்டார். விந்து கழிகிறது, அதனால் மெலிகிறேன், படிப்பு ஏறவில்லை, முகம் ஒட்டிவிட்டது என்று வருகிற இளைஞர்கள். உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் 'பிரதி மாதம் இன்ன தேதி, இன்ன லாட்ஜ்' என்று போஸ்டர் ஒட்டிய வைத்தியர்கள் இவர்களை நம்பித்தான் ஊர் ஊராகப் போனார்கள். காமசுகத்துக்கான சக்தியை வளர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. போஸ்டர்கள் அதற்கு மேலேயே ஒட்டப்பட்டன. அந்த லாட்ஜ் அறைக்குள் விற்கப்பட்டது லேகியம் அல்ல என்பது என் எண்ணம். 'எத்தனை வயசில் ஆரம்பித்தாய்?' என்ற முதல் கேள்விதான் அங்கே சரக்கு. அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் பையன் நோயாளி ஆகிவிடுகிறான். மற்றதெல்லாம் பொட்டலம் கட்டுவது.

இந்த லாட்ஜ் வைத்தியரை நான் லட்சியப் புருஷனாக்கவில்லை, அவர் சுரண்டல்காரர். ஆனாலும் அவரிடம் இருந்த ஒரு அம்சம் இன்றைய வியாபாரத்தில் இல்லாமல் போயிற்று. லேகியம் தின்ற பையன் தேறினானா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தப் பையனிடமே இருந்தது. பலிக்கவில்லை என்றால் திட்டிவிட்டுப் போகலாம். தன் உடம்புக்கு அவனே சாட்சி. டெஸ்டாஸ்டிரோன் என்ற எண் வந்த பிறகு இந்த அதிகாரம் கைமாறிவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம் எனக்குப் பழக்கமான நாட்டுமருந்துக் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் எழுபது தாண்டியவர். அமுக்கராக் கிழங்கு இப்போது நிறையப் போகிறதாமே என்றேன். "போவுது தம்பி. முன்னெல்லாம் அமுக்கரா கேட்டு வாரவன், ஒறக்கம் பிடிக்கல அண்ணாச்சிம்பான், கைகால் ஓயுதும்பான். இப்ப போனத் தொறந்து ஒரு சீட்டக் காட்டுதான். அதுல ஒரு நம்பரு. இத ஏத்தணுங்கான்."

"ஏத்தினா என்ன ஆவும்னு கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டேன். தெரியலங்கான்."

உறக்கத்துக்காக அமுக்கரா கேட்டவன் சரியான இடத்தில்தான் கைவைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. தாவரவியலாளர்கள் அச்செடிக்குச் சூட்டிய லத்தீன் பெயரிலேயே 'உறக்கம் தருவது' என்ற பொருள் இருக்கிறது. 2011இல் சிகாகோவில், ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரமே தூங்கவிட்டார்கள். பகலில் டெஸ்டாஸ்டிரோன் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இறங்கியது. ஆஸ்திரேலியாவில் அமுக்கரா ஏற்றியது 14.7. இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவனுடைய தூக்கத்தை முதலாளி எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொண்டதை ஹார்மோன் குறைபாடு என்ற பெயரில் அவனிடமே ஒருவன் விற்கிறான். இதில் மூலிகையின் குற்றம் எதுவும் இல்லை.

எண்ணின் குணம் வேறு விசித்திரமானது. காலையில் ஏறியும் மாலையில் இறங்கியும் இருப்பது. ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் மாறுவது. டெசிலிட்டருக்கு 300 நேனோகிராம் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் எல்லை வைத்திருக்கிறது, அதுவும் இரண்டு தனித்தனிக் காலைகளில் எடுத்துப் பார்த்து, கூடவே அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்ற நிபந்தனையோடு. எல்லைக்கு மேலே உள்ள பெரிய பிரதேசத்தில் 450க்கும் 520க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆணும் உணர்ந்து சொல்ல முடியாது. நிஜமான குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. விதையிலோ பிட்யூட்டரியிலோ நோய் கண்டவர்கள், அவர்களுக்கு ஹார்மோனே மருந்து, மூலிகை அல்ல. மாத்திரை டப்பாவை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள் அல்லர். உணர முடியாத ஒன்று குறைந்திருக்கிறது என்று சொல்லி, உணர முடியாத அளவுக்கு அதை ஏற்றிக் காட்டுவது லாட்ஜ் வைத்தியருக்குக்கூடத் தோன்றாத உத்தி. அவர் பொய் சொன்னார். பொய்யை அனுபவம் உடைத்துவிடும் அபாயம் அவருக்கு இருந்தது. 14.7 என்பது பொய்யல்ல. ஆகவே அதை எந்த அனுபவமும் உடைக்க முடியாது. பழைய விந்துக் கணக்கு அப்படியே இந்தப் புதிய சொல்லுக்குள் குடியேறிவிட்டது. சேமிப்பு, செலவு, வறட்சி, மற்றவனுக்கு அதிகம் எனக்குக் குறைவு என்ற அதே பாஷை. மாறியது ஒன்றுதான்: கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க இப்போது நமக்கு அனுமதியில்லை. லாபரட்டரி பார்த்துச் சொல்ல வேண்டும்.

நண்பரின் கேள்வி இன்னும் பாக்கி. ஒருவன் தேறினால் உமக்கென்ன? எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த நிவாரணத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்மை ஒரு இருப்பு, அது குறையும், கசியும், வெட்டினால் போய்விடும் என்று ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு போஸ்டரும் ஊர்ஜிதப்படுத்திக்கொண்டே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்குச் சில நிமிஷங்களில், மரத்துப்போகும் ஊசியோடு முடிவது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அறுவை நடந்தது. அதையும் அதையொட்டிய முகாம்களையும் சேர்த்துப் பதின்மூன்று பெண்கள் செத்தார்கள். அவர்களுடைய கணவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தங்களிடம் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஏதோ ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வெட்டு அதைத் தொடாது என்று அவர்கள் நம்புகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. தொடும், குறையும், ஏற்றிக்கொள் என்று சொல்லத்தான் ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பர் கேட்டது இன்னொன்று: சரி, வைத்தியர் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்? வந்தவனிடம் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்புவதா? அதுவும் குரூரம்தான். ஒன்றுமில்லை என்று கேட்பதற்காக யாரும் நூறு மைல் பஸ் ஏறி வருவதில்லை. பெயர் இல்லாத சங்கடத்தோடு திரும்பிப் போவதைவிடப் பெயருள்ள நோயோடு திரும்பிப் போவதைத்தான் மனிதன் தேர்ந்தெடுப்பான். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் சிறு நகரத்தில் இருக்கிறார். சீட்டோடு வருகிற பையன்களை உட்கார வைத்து, எண்ணை விட்டுவிட்டு, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய், அறையில் எத்தனை பேர், வீட்டில் எதற்குச் சண்டை, கல்யாணத்துக்கு முன்னால் யார் உன்னை என்ன சொல்லிப் பயமுறுத்தினார்கள் என்று கேட்கிறார். அரை மணி நேரம் ஆகுமாம். சிலர் பேசுகிறார்கள். மருந்து எழுதித்தரவில்லை என்றால் பலர் ஃபீஸ் கொடுக்க யோசிக்கிறார்கள். வெளியே வந்து எதிர்ச்சாரியில் இருக்கும் மருந்துக் கடையில் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு போவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாராம். கூப்பிட்டுத் திட்டியிருக்கிறீர்களா என்றேன். இல்லை, அடுத்த தடவை வரும்போது அது என்ன விலை என்று மட்டும் கேட்பேன் என்றார்.